நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு ஒட்டிய மஞ்சள் வட்டம்

இரண்டு நாள் விடுப்பு முடிந்து திங்கட்கிழமை காலை கல்லாயா கிடங்கைத் திறந்தபோது, உள்ளே இருந்த கற்சிலைகளுக்கெல்லாம் யாரோ பொட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய காகித வட்டங்கள், பின்பக்கம் பசையோடு வருகிற வகை. சிவப்பு, மஞ்சள், வெள்ளை. கன்னத்தில் ஒன்று, தொடையில் ஒன்று, கை போன தோளில் ஒன்று. வாசலோரம் நின்ற தேவி சிலைக்குச் சரியாக இடது கண்ணில்.

கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, அந்தக் கண்ணில் இருந்ததை நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். மேல் காகிதம் மட்டும் உரிந்து வந்தது. பசை கல்லின் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கதவின் உட்புறம் ஓர் அறிவிப்பு தொங்கியது. சிவப்பு என்றால் இந்து, மஞ்சள் என்றால் பௌத்தம், வெள்ளை என்றால் சமணம். வெள்ளிக்கிழமை மூன்று புதிய கூடங்கள் திறக்கப்படுகின்றன. வியாழன் மாலைக்குள் சிலைகள் தத்தம் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கீழே காப்பாட்சியரின் கையெழுத்து, பெரிய சுழியோடு.

"எழுதுறதெல்லாம் நல்லாத்தான் எழுதுறாங்க," என்று தேவியிடம் சொன்னாள். "ஒட்டுறதுக்கு வேற எடம் கெடைக்கல, உன் கண்ணுதான் கெடைச்சிருக்கு."

கல்லாயா என்பது அவளுடைய பெயர் அல்ல. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. முப்பது வருடத்துக்கு முன்பு அவள் பொது மருத்துவமனையில் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி முடித்து, பெண்கள் வார்டில் ஆயாவாக இருந்தாள். ஒருநாள் அந்த வார்டை மூடினார்கள். வேலை பார்த்தவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் ஆளுக்கோர் அலுவலகமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருத்தி நூலகத்துக்கு, ஒருத்தி நீதிமன்றத்துக்கு, இவள் அருங்காட்சியகத்துக்கு. கிடங்குச் சாவியைக் கையில் கொடுத்து, "சுத்தமா வெச்சுக்குங்க," என்று சொன்னதோடு சரி. கல்லை எப்படிச் சுத்தமாக வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை என்பது பிறகு புரிந்தது.

தெரிந்ததைச் செய்தாள். வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பருத்தித் துணி. முதலில் முகம், பிறகு கழுத்து, அக்குள், மடிப்புகள், கடைசியில் முதுகு. படுத்துக் கிடக்கிற சிலைகளை மாதம் ஒருமுறை ஆள் பிடித்துப் புரட்டிப் போட்டாள். தரையோடு ஒட்டிய பக்கம் ஈரம் கோத்து உதிரும், நோயாளிக்கு முதுகு புண்ணாகிற மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலாக, வார்டில் மனப்பாடமான ஒரு பழக்கத்தை அப்படியே கொண்டுவந்தாள். புதிய நோயாளி வந்தால், வேறு எதையும் செய்வதற்கு முன் உடம்பை உச்சி முதல் பாதம் வரை பார்த்து, இருக்கிற காயத்தையெல்லாம் எழுத வேண்டும். தாளுக்கு நடுவே ஒரு கோடு. இடது பக்கம் 'வந்த காயம்'. வலது பக்கம் 'இங்கே பட்ட காயம்'. அதற்கு நேரே தேதி, காரணம், பொறுப்பாளர் கையெழுத்து. இதை எழுதாமல் விட்டால் நாளைக்குப் பழி ஆயாவின் தலையில்தான் விழும்.

அப்படிச் சிலைக்கு ஒரு பக்கமாக ஐந்து நீள நோட்டுகள் சேர்ந்தன. மூன்றாம் வருடமே அலுவலகத்தில் அவளுக்குக் கல்லாயா என்று பெயர் விழுந்துவிட்டது. கேலியாக ஆரம்பித்த பெயர். அவள் அதைத் தட்டிவிடவும் இல்லை, தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை.

இந்தச் சிலைகள் கிடைத்த பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் மூன்று மதத்தாரும் வாழ்ந்தார்கள். ஓராயிரம் வருடத்துக்கும் மேலாக. இதைப் பற்றி வந்த புத்தகங்கள் மேலே நூலக அறையில் இருந்தன; அவற்றை எழுதியவர்களில் பாதிப் பேர் மூன்று மதமும் தோளில் கை போட்டுக்கொண்டு திரிந்ததாக எழுதியிருந்தார்கள், மீதிப் பேர் தங்களுடையதைத் தவிர மற்ற இரண்டும் வழி தவறி வந்தவை என்று எழுதியிருந்தார்கள். கல்லாயா இரண்டையும் நம்பவில்லை. அவள் கையில் காயங்கள் இருந்தன. கிடங்கில் தலையில்லாதவர்கள் பதினான்கு பேர். விழுந்து உடைந்த கழுத்துக்கும் உளி வைத்து வெட்டிய கழுத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? ஒன்பது கழுத்தில் உளித்தடம் இருந்தது. அந்த ஒன்பது பேரும் ஒரே மதத்தவர் இல்லை. ஆளாளுக்கு முறை வந்தபோது ஆளாளுக்கு வெட்டியிருந்தார்கள்.

அதே கிடங்கில் இன்னொன்றும் இருந்தது. இடது கால் சுண்டுவிரலுக்கு மட்டும் நகம் செதுக்காமல் விடுகிற, அந்தக் காலத்துக் கல்தச்சன் ஒருவனின் கைவேலை. மற்ற ஒன்பது விரலுக்கு நகம் அவ்வளவு அழகாக இருக்கும், இடது சுண்டுவிரல் மட்டும் மொழுக்கென்று நிற்கும். அவன் செய்தவை கிடங்கில் நான்கு. ஒருவர் விஷ்ணு, இருவர் புத்தர், ஒருவர் தீர்த்தங்கரர். யார் கூப்பிட்டாலும் போய் வேலை செய்திருக்கிறான். நான்கு பேரையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். இன்று அந்த நால்வருக்கும் மூன்று நிறத்தில் பொட்டு.

மத்தியானத்துக்குள் கிடங்கு முழுவதையும் சுற்றி வந்து எண்ணிவிட்டாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

காப்பாட்சியர் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சுற்றுலா அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். கெட்டவர் இல்லை. எப்போதும் அடுத்த கூட்டத்துக்குத் தாமதமாகிவிட்டதுபோல் முகத்தை வைத்திருப்பார்.

"சார், மஞ்சள்ல பதினோரு பேரு தப்பு."

"உக்காருங்க ஆயாம்மா. என்ன பதினோரு பேரு?"

"புத்தர்னு ஒட்டியிருக்கீங்களே, அதுல பதினோரு பேரு புத்தர் இல்ல. சமணத் தீர்த்தங்கரருங்க."

"போட்டோவ வெச்சு நானே ஒண்ணொண்ணாப் பாத்துச் சொன்னேனே. உக்காந்திருக்கு, கண்ணு மூடியிருக்கு, கை மடியில இருக்கு, காது தொங்குது."

"எங்க வீட்டுக்காரரும் சாப்பிட்டதும் அப்படித்தான் உக்காந்திருப்பாரு. காது மட்டும்தான் சின்னது."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"துணி எங்க சார்? புத்தர்னா மேல துணி இருக்கணும். தோள்ல ஒரு விளிம்பு, கணுக்காலுக்கு நடுவுல விசிறி மாதிரி ஒரு மடிப்பு. தேஞ்சு போயிருந்தாலும் ஈரத்துணியால தொடைச்சா வெரல்ல தட்டும். இந்தப் பதினோரு பேருக்கும் ஒண்ணும் தட்டல. துணியே இல்லாத உடம்பு. நாலு பேருக்கு நெஞ்சு நடுவுல தீர்த்தங்கரருக்கு வெக்கிற மறு வேற இருக்கு."

"பெயர்ப் பலகை அச்சடிச்சு வந்தாச்சு ஆயாம்மா."

"பலகைய மாத்த முடியாதுன்னு சாமிய மாத்திட்டீங்களா?"

காப்பாட்சியர் பேனாவை மூடினார், திறந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, உதவி கேட்கிறவர் மாதிரி, அடுத்த விஷயத்தைச் சொன்னார். அது நாற்பத்தொன்றாம் எண் பற்றியது.

கிடங்கிலேயே பெரிய உட்கார்ந்த சிலை அது. மூக்குகூடச் சிதையாதது. மஞ்சள் கூடத்தின் நடுமேடைக்கு அதைத்தான் குறித்திருந்தார். ஒரே ஒரு சிக்கல். நெற்றியில் மூன்று பட்டை வெட்டியிருக்கிறது. தோளில் இரண்டு துளை. நெஞ்சில் ஒரு முடிச்சு மாதிரி துருத்திக்கொண்டிருக்கிறது. மூன்று கூடத்துக்கும் மூன்று நன்கொடைக் குழுக்கள். இந்தச் சிலையை அவர்கள் பார்த்தால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். அதனால் யாரும் பார்ப்பதற்கு முன் புதன்கிழமை காலை ஒரு கல்தச்சர் வருகிறார். பட்டையைத் தேய்த்து எடுத்து, முடிச்சை மட்டமாக்கி, துளைகளை அடைத்துவிடுவார்.

"பழைய நெலமைக்குக் கொண்டுவர்றோம், அவ்வளவுதான். நீங்க செவ்வாக்கெழம அதை நல்லாக் கழுவி வெச்சிடுங்க."

கல்லாயா எழுந்து நின்றாள். முழங்கால் சொடக்குப் போட்டது.

"எந்தப் பழைய நெலம சார்? அவருக்கு மூணு இருக்கு."

"அதான் பிரச்சினையே," என்றார் அவர், அவள் தன்னோடு ஒத்துப்போய்விட்டாள் என்று நினைத்து.

கீழே இறங்கி வந்து நாற்பத்தொன்றின் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தாடையில் மஞ்சள் வட்டம். இந்த உடம்பை முப்பது வருடமாகத் துடைத்தவள் அவள். நெஞ்சில் இருந்த மறு புடைப்பாக இருந்தது. புடைப்பைப் பின்னால் வந்து சேர்க்க முடியாது, முதலிலேயே கல்லை விட்டு வைத்தால்தான் உண்டு. ஆகவே முதலில் இவர் சமணர். துணி இல்லாமல் உட்கார்ந்தவர். பிறகு எத்தனையோ தலைமுறை கழித்து யாரோ இடது தோளிலிருந்து குறுக்கே ஒரு கோடு வெட்டி, கணுக்காலில் விசிறி மடிப்புச் செதுக்கித் துணி உடுத்தியிருக்கிறார்கள். அப்போது புத்தரானார். அந்தக் கோடு நேராக வந்தால் மறுவின் மேல் போயிருக்கும். அது மறுவுக்குப் பக்கத்தில் வந்ததும் லேசாக வளைந்து, அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறது. அதற்கும் பிறகு வந்தவர்கள் நெற்றியில் பட்டை வெட்டி, உலோகக் கவசம் மாட்டத் தோளில் துளை போட்டுச் சிவனாக்கினார்கள். துளைகள் துணிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தன, கோட்டின் மேல் இல்லை.

அவர்களுக்குப் பெரிய மனசா, அல்லது பழையதைத் தொட்டால் ஏதாவது வந்து சேரும் என்ற பயமா, அவளுக்குத் தெரியாது. ஒருவருக்கொருவர் ஆகாத காலத்திலும், முன்னவன் போட்டதை அழிக்காமல் தன்னுடையதைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது எட்டு மாதத்துக்கு முன் வந்தவர் ஒரு காலை வேளையில் எல்லாவற்றையும் மட்டமாக்கப் போகிறார், தச்சர் கூலி அலுவலகக் கணக்கில்.

சாயங்காலம் வீட்டில் அவள் பாத்திரத்தை வைத்த வேகத்திலேயே கணவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முன்னறையில் நாத்தனார் தையல் இயந்திரத்தில் ரவிக்கை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கணவனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்தவள். சிவப்புக் கூடத்துக்குப் பணம் திரட்டிய குழுவின் பெண்கள் பிரிவில் செயலாளர்.

"என்ன அண்ணி, மொகம் இப்படி இருக்கு? கல்லு ஏதாவது ஏசிடுச்சா?"

"கல்லு ஏசாது. அதான் அதுகூட இத்தன வருஷம் குடித்தனம் பண்ண முடிஞ்சுது."

"அப்ப எங்ககூடப் பண்ணினது?"

"அது தண்டன."

நாத்தனார் சிரித்துக்கொண்டே நூலைப் பல்லால் கடித்தாள். "எங்க கூடத்துக்குப் பெரிய சாமியா எதையாவது குடுங்க அண்ணி. மஞ்சக் கூடத்துல நடு மேடை போட்டிருக்காங்களாமே. நம்ம கூடத்துக்கு என்ன கொறச்சல்?"

கல்லாயாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். நெற்றியில் பட்டை போட்ட சாமியைத் தேய்க்கப் போகிறார்கள் என்று இவளிடம் சொன்னால், விடிவதற்குள் இருநூறு பேர் அருங்காட்சியகத்து வாசலில் நிற்பார்கள். தச்சர் தெருமுனையிலேயே திரும்பிவிடுவார். பட்டை பிழைத்துவிடும். அப்புறம்? அப்புறம் சிலை சிவப்புக் கூடத்துக்குப் போகும். அங்கே துணிக்கோடு யாருக்காவது உறுத்தும், மறு உறுத்தும். தேய்க்கிற கை மாறும், வேறொன்றும் மாறாது.

"கொடுக்கிறது என் கையில இல்ல," என்றாள். "என் கையில இருக்கிறது வாளியும் துணியும்தான்."

நாத்தனார் உள்ளே போனதும் கணவர் மெதுவாகக் கேட்டார். "அவகிட்ட சொல்லணும்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்ல வேள. பஸ்ஸுல பிரேக் போச்சுன்னா அதை நிறுத்தறதுக்கு ஒரு கூட்டத்த முன்னாடி தள்ளக் கூடாது."

"உங்க பஸ் உவமைய மூட்ட கட்டி வெச்சுட்டு, எப்படி நிறுத்தறதுன்னு சொல்லுங்க."

அவர் யோசித்தார். "பணிமனையில எங்களுக்குப் பிடிக்காத வேலைய மேலதிகாரி சொன்னா, சரிங்க சார், எழுதிக் குடுங்கன்னு சொல்லுவோம். பாதி வேல அங்கயே நின்னுடும்."

 படுக்கும் முன் அவள் ஐந்து நோட்டுகளில் நாற்பத்தொன்றாம் எண் இருக்கிற இரண்டாவது எந்த அலமாரியில் இருக்கிறது என்று நினைவுபடுத்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை சிலையைக் கழுவினாள். உத்தரவு உத்தரவுதான். மஞ்சள் வட்டத்தின் மேல் சுடுநீர்த் துணியை அரைமணி நேரம் பிடித்து, பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். பிறகு நாற்பத்தொன்றின் பக்கத்தைத் திறந்து, இடது பக்கத்தில் இருந்ததை ஒருமுறை படித்துவிட்டு, வலது பக்கத்தில் மூன்று வரி எழுதினாள்.

புதன் காலை கல்தச்சர் வந்தார். நாற்பது வயதிருக்கும். தோளில் கருவிப் பை, கையில் தேய்க்கும் இயந்திரம். சிலையைப் பார்த்ததும் இயந்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, நெற்றியில் கட்டைவிரலை ஓட்டினார்.

"இந்தப் பட்ட போட்டவன் எடது கைக்காரன் அக்கா. உளி சாஞ்சிருக்கிற பக்கம் பாருங்க."

"எவ்வளவு ஆழம் இருக்கும்?"

"நல்ல ஆழம். இதை எடுக்கணும்னா நெத்தியவே அரை வெரக்கடை எறக்கணும். எறக்கினா புருவம் போயிடும். புருவம் போனா இந்த மொகம் இருக்காது."

"என்ன இருக்கும்?"

"உருண்டையா ஒண்ணு இருக்கும்." அவர் சங்கடப்பட்டார். "எனக்குச் சொன்னது, மேலால ஏதோ கீறல், தேச்சுக் குடுன்னுதான்."

காப்பாட்சியர் உள்ளே வந்தபோது கையில் கைபேசி, காதில் யாரோ. அதை அணைத்துவிட்டு, "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

"ஆரம்பிக்கலாம் சார்," என்றாள் கல்லாயா. "ஒரு கையெழுத்து மட்டும்."

நோட்டை அவர் முன் விரித்தாள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் வார்டில் எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தாள். தேதி. நெஞ்சின் மறு, சமணச் சின்னம், முதலிலிருந்தே உள்ளது: அகற்றப்படுகிறது. நெற்றியின் மூன்று பட்டை, சைவச் சின்னம், பிற்காலத்தது: அகற்றப்படுகிறது. தோளின் இரண்டு துளை, கவசம் மாட்டியவை: அடைக்கப்படுகின்றன. காரணம்: பௌத்தக் கூடத்தில் வைக்க, காப்பாட்சியர் உத்தரவு. கையெழுத்துக்கு இடம்.

அவர் இரண்டு முறை படித்தார். தச்சர் பார்வையைக் கூரைக்கு மாற்றிக்கொண்டார்.

"இதெல்லாம் என்ன? இது அலுவலகப் பதிவேடு இல்லையே."

"இல்ல சார். என் நோட்டு. ஆனா உங்களுக்கு முன்னாடி இருந்த நாலு காப்பாட்சியரும் இதுல கையெழுத்துப் போட்டிருக்காங்க. இருபத்தியாறாம் எண் கீழ விழுந்தப்போ ஒருத்தரு. கூரை ஒழுகினப்போ ஒருத்தரு."

"நான் சிலைய உடைக்கல. சுத்தம் பண்றேன்."

"அப்ப அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். சுத்தம் பண்றதுக்காக எடுத்தேன்னு."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. சத்தம் போடவில்லை. வேறு விதமாகக் குத்தினார்.

"சுத்தத்தப் பத்தி நீங்களா பேசறது? பதினேழாம் எண்ண யாரு வெள்ளையாத் தேச்சதுன்னு நான் கேள்விப்பட்டேன். இங்க எல்லாருக்கும் தெரியும்."

கல்தச்சர் அவளைப் பார்த்தார். 

அது உண்மைதான். வந்த முதல் வருடம். பதினேழாம் எண் ஒரு சிறிய அம்மன் சிலை. நூறு நூறு வருடமாக விளக்குப் புகையும் எண்ணெயும் படிந்து தார் மாதிரிக் கறுத்திருந்தது. வார்டில் இருந்து வந்தவளுக்கு அந்த அழுக்கைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எந்த நோயாளியையும் அப்படி விட்டு வைத்ததில்லை அவள். சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, கம்பித் தூரிகையால் நான்கு நாள் தேய்த்தாள். நாலாம் நாள் சிலை வெள்ளை வெளேரென்று வந்தது. அவளுக்குப் பெருமை. அடுத்த வாரம் வெளியிலிருந்து வந்த ஓர் ஆய்வாளர் பார்த்துவிட்டு, எதுவும் திட்டாமல், சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கறுப்பு அடுக்குகளில்தான் யார் எத்தனை காலம் கும்பிட்டார்கள் என்ற தடம் முழுக்க இருந்தது. அடியில் ஒரு வரி எழுத்தும் இருந்திருக்கிறது, வண்ணத்தால் எழுதியது. எல்லாம் வாளித் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டது.

கல்லாயா எதையும் புரட்டவில்லை, தேடவும் இல்லை. பதினேழாம் எண் இருந்த முதல் நோட்டையும் ஏற்கெனவே அடையாளத் தாள் செருகிக் கொண்டு வந்திருந்தாள். அதைத் திறந்து, விரித்திருந்த நோட்டின் மேல் வைத்தாள்.

"ஆமா சார். நான்தான் தேச்சேன். படிங்க."

பதினேழு. இங்கே பட்ட காயம். எண்ணெய்ப் படிவு முழுவதும் அழிந்தது. எழுத்து ஒரு வரி அழிந்தது, படிக்க முடியாமலே. காரணம்: ஆயாவின் அறியாமை. பொறுப்பாளர் என்ற இடத்தில் அவளுடைய முழுப் பெயர், சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிற பெயர், பள்ளிக்கூடப் பிள்ளையின் உருண்டை எழுத்தில்.

"எனக்குத் தெரியாமச் செஞ்சதுக்கு நான் பேரு போட்டிருக்கேன். நீங்க தெரிஞ்சு செய்யப் போறீங்க. போடுங்க."

அவள் பேனாவை நீட்டிக்கொண்டே நின்றாள்.  அவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு கையை நீட்டி நிற்பது எந்த வயதிலும் லேசில்லை.

காப்பாட்சியர் பேனாவை வாங்கவில்லை. நோட்டையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று மதத்தின் பெயரும் அந்த ஒரே தாளில் இருந்தது, தன் பெயருக்கான இடத்துக்கு நேர் மேலே. இந்தத் தாள் என்றைக்காவது மூன்று குழுவில் ஏதாவது ஒன்றின் கையில் போனால் என்ன ஆகும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும், சிலைகளைத்தான் தெரியாது.

"மேடைக்கு வேற ஒண்ணு பாத்துக்கலாம்," என்றார் கடைசியில், யாருக்கோ சலுகை கொடுப்பவர்போல. "இது இங்கயே இருக்கட்டும்."

"எழுதித் தர்றீங்களா சார்? இங்கயே இருக்கட்டும்னு?"

அவர் போய்விட்டார். தச்சர் கருவிப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒரு நா கூலி போச்சு அக்கா," என்றார். பிறகு வாசலில் நின்று திரும்பி, "பரவால்ல. இதைத் தேச்சிருந்தா எங்கப்பா கனவுல வந்து ஒதச்சிருப்பாரு," என்றார்.

அந்த மூன்று வரியை அவள் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'நடக்கவில்லை' என்று எழுதினாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை கூடங்கள் திறந்தன. ரிப்பன் மூன்று, கத்தரிக்கோல் மூன்று, கைதட்டல் மூன்று. மஞ்சள் கூடத்தின் நடுமேடைக்கு வேறு சிலை பொருந்தவில்லை. அச்சடித்த பலகையை எடுக்கவும் மனமில்லை. மேடையில் ஒரு பூந்தொட்டியை வைத்தார்கள். பலகையில் 'தியான நிலைப் புத்தர்' என்று இருந்தது. வந்தவர்கள் தொட்டியின் முன் நின்று படித்துவிட்டு நகர்ந்தார்கள். கேள்வி கேட்டவர் ஒருவரும் இல்லை.

பதினோரு பேரில் நான்கு பேரை மட்டும் வெள்ளைக் கூடத்துக்கு மாற்றினார்கள், அதுவும் அங்கே இடம் வெறிச்சென்று இருந்ததால். மீதி ஏழு பேர் மஞ்சள் கூடத்தில் புத்தர் என்ற பலகையோடு உட்கார்ந்திருந்தார்கள். சுண்டுவிரல் நகம் செதுக்காமல் விடுகிற தச்சனின் நான்கு சிலைகள் மூன்று கதவுக்குப் பின்னால் பிரிந்து போயின. நாத்தனார் புடவை மாற்றிக்கொண்டு வந்து சிவப்புக் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அண்ணியைத் தேடிக் கீழே கிடங்குக்கு வந்தாள்.

"இது யாரு அண்ணி, இவ்வளவு லட்சணமா? மேல வெக்காம இங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" நாற்பத்தொன்றைப் பார்த்துக் கேட்டாள். நெற்றியைப் பார்த்ததும் கண் விரிந்தது. "நம்மவரு இல்ல இவரு?"

"கிட்ட வந்து பாரு. நெஞ்சையும் பாரு, தோளையும் பாரு. பாத்துட்டுச் சொல்லு."

நாத்தனார் குனிந்து பார்த்தாள். தையல்காரி. கோடு வளைந்து போகிற இடத்தில் விரலை வைத்து அப்படியே நின்றாள்.

"இது பிரிச்சுத் தெச்ச துணி மாதிரி இருக்கே," என்றாள். "மூணு தடவ அளவு மாத்தியிருக்காங்க. யாரும் பழைய தையல வெட்டி எடுக்கல."

"அதைப் போய் உன் குழுவுல சொல்லு."

"சொன்னா எனக்குச் செயலாளர் பதவி போயிடும் அண்ணி."

"பின்ன அங்கயே மூடிட்டு உக்காரு," என்றாள் கல்லாயா. நாத்தனார் கோபித்துக்கொள்ளவில்லை. மேலே கூட்டத்துக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு, கல்லாயா வாளியோடு மஞ்சள் கூடத்துக்குப் போனாள். ஏழு பேருக்கும் முன்னால் முழங்காலிட்டு, சுடுநீர்த் துணியால் வட்டங்கள் இருந்த இடங்களைத் துடைத்தாள். மூன்று பேருக்குப் பசை வரவே இல்லை. கல் அங்கே கறுக்க ஆரம்பித்திருந்தது. தேவியின் இடது கண்ணிலும் அப்படித்தான். கிடங்குக்குத் திரும்பி வந்து மூன்றாவது நோட்டைத் திறந்து, ஒவ்வொருவர் பக்கத்திலும் நிதானமாக எழுதினாள்.

இங்கே பட்ட காயம். பசைக் கறை, ஒரு பொத்தான் அளவு. தவறான பெயர், ஒன்று. காரணம்: அலுவலகம். பொறுப்பாளர் கையெழுத்து.

அந்த இடத்தைக் காலியாக விட்டு, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். காப்பாட்சியர் அறையில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.